மலையைச் சுற்றிவர அனுமதி

அரசாங்க அலுவலகம் ஒன்றுக்கு வரும் கடிதத்துக்கு இரண்டு வாரத்துக்குள் பதில் போக வேண்டும். முடிவு சொல்ல முடியாவிட்டால், கடிதம் கிடைத்தது, கவனிக்கப்படுகிறது என்று இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். பிரதேச செயலகத்தில் வேலைக்கு வந்த ஒவ்வொரு புதியவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர்கள் பணிவாகத் தலையாட்டுவார்கள். பிறகு கடிதத்தைக் கோப்பில் போட்டு, கோப்பை அலுமாரியில் வைத்து, அலுமாரியைப் பூட்டுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அந்த அலுமாரிக்கு வெளியே நின்று பார்க்கும் வாய்ப்பு எனக்கும் கிடைத்தது.

நான் அனுமதி கேட்டது ஒரு நாள் மலையில் நடப்பதற்கு.

வன்னியில் மலையா என்று என் மனைவியும் ஒரு காலத்தில் சிரித்திருக்கிறாள். அவள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவள். கலவரம் ஒன்றுக்குப் பிறகு, பத்து வயதில், பெற்றோருடன் லொறியில் ஸ்கந்தபுரத்தில் வந்து இறங்கியவள். முல்லைத்தீவும் வவுனியாவும் முட்டிக்கொள்ளும் காட்டுக்குள் பாறைக் குன்றுகள் ஒரு வரிசையாகக் கிடக்கின்றன. பஸ்ஸில் போகும்போது அவற்றைக் காட்டினால், "எங்கட லயத்துக்குப் பின்னால இருந்த மண்மேடு இதைவிடப் பெரிசு" என்பாள்.

ஈரலில் கட்டி என்று தெரிந்த பிறகுதான் அந்த மண்மேடுகள் அவளுக்கு மலையாகின. மருந்து ஏற்றத் தொடங்கினால் இனி இப்படி நடக்க முடியாது, ஆசைப்பட்டது ஏதும் இருந்தால் அதற்கு முன் செய்து முடியுங்கள் என்றார் டொக்டர். வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் குன்றெல்லாம் ஏறி, மலை முதுகாலேயே நடந்து, மற்றப் பக்கத்தால இறங்கிச் சுத்தி வர வேணும். ஒரு முழு நாள்."

"ஒரு குன்றில ஏறிப்போட்டு அதே வழியால இறங்கினால் காணாதே?"

"போன வழியால திரும்பி வாறதுக்குத்தானே ஆஸ்பத்திரி இருக்கு."

அன்றிரவே திட்டம் போட்டோம். விடியமுன் கிழக்குப் பாறையில் ஏறுவது. வெயில் பாறையைச் சுடுமுன் முதுகைக் கடப்பது. நடுவில் இரண்டு குன்றுகளுக்கு இடையே மழைத் தண்ணீர் தேங்கும் குழி ஒன்று உண்டு. பங்குனியில் அது வற்றியிருக்கும் என்று வைத்துக்கொண்டு தண்ணீர் முழுவதையும் நாங்களே சுமப்பது. கரடி பாறை இடுக்கில் படுக்கும், ஆகவே கதைத்துக்கொண்டே போவது. "அதுக்கு ஆயத்தம் தேவையில்லை" என்றாள். மேற்கே இறங்கிக் குளக்கட்டால் சுற்றி, யானை வெளிக்கிடுமுன் ஏறிய இடத்துக்கே வருவது. மகன் விட்டுப்போன சப்பாத்துக்குள் பஞ்சு வைத்து, தினமும் காலையில் எங்கள் குளக்கட்டில் நடந்து பழகினாள். முதல் கிழமை நான் பின்னால் ஓடினேன். போகப் போக ஓடத் தேவையிருக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், ஏறும் இடம் முல்லைத்தீவு, இறங்கும் இடம் வவுனியா. காடு ஒதுக்கப்பட்ட காடு. இரண்டு வன அலுவலகங்களுக்கும் வரைபடத்தோடு பதிவுத் தபாலில் எழுதினேன். விண்ணப்பத்தில் நோக்கம் என்ற இடத்தில் ஆராய்ச்சி, சமயம், அரச கடமை என்று மூன்று தெரிவுகள் இருந்தன. மூன்றையும் வெட்டி 'நடத்தல்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். முல்லைத்தீவு, வவுனியாவின் சம்மதம் வரட்டும் என்றது. வவுனியா, முல்லைத்தீவின் சம்மதம் வரட்டும் என்றது. இரண்டும் தொலைபேசியில். கடிதம் இல்லை. கடைசியாக எடுத்தபோது, கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள்.

"உங்கட கோப்பு மலை ஏறியிட்டுது. நாங்கள்தான் கீழ நிக்கிறம்" என்றாள். "விறகுக்குப் போறவை, தேனுக்குப் போறவை எல்லாம் கடிதம் எழுதிப்போட்டே போகினம்?"

"பிடிபட்டால் மறியல்."

"எத்தனை வருசம் போடுவினம்? போடட்டும். அவ்வளவு காலம் இருக்கலாமே."

மருந்து தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பதில் இல்லாமலே ஓட்டோ பிடித்துப் போனோம். காட்டு வாசலில் குறுக்குத்தடி. பக்கத்தில் கதிரை போட்டு ஒரு காவலர் இருந்தார். என் பெயரைக் கேட்டதும் எழுந்து நின்றார்.

"ஐயா, உங்கட கடிதத்தின்ர பிரதி எங்களுக்கும் வந்தது. பதில் வந்ததோ?"

இல்லை என்றேன். அதே நேரத்தில் சைக்கிளில் ஒருவர் பின்னால் தகர வாளியைக் கட்டிக்கொண்டு வந்தார். காவலர் தடியைத் தூக்கினார். அவர் தேனுக்காக உள்ளே போனார். தடி இறங்கியது.

"அவருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"அவர் கேக்கேல்லையே அம்மா. நீங்கள் கேட்டுப்போட்டியள். கேட்டது கோப்பில கிடக்கு, பதில் இல்லை. இப்ப விட்டு, உள்ளுக்க ஏதும் நடந்தால் என்ர வேலை போயிடும். ஐயாவுக்குத் தெரியாததே?"

தெரியும். அந்தக் கதிரையில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், இவ்வளவு மரியாதை இல்லாமல்.

அவள் வாதாடவில்லை. காவலரின் கதிரையில் அமர்ந்து சப்பாத்து நூலை அவிழ்த்தாள். "தம்பி, முதல் பாறை எது?" என்று கேட்டாள். மரங்களுக்கு மேலே சாம்பல் நிறத்தில் தெரிந்ததை அவர் காட்டினார். அடுத்தது எது, அதற்கடுத்தது எது, இறங்குவது எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். சாப்பாட்டு நேரம் வந்தபோது, மலை முதுகில் சாப்பிடக் கட்டிய பிட்டை அங்கேயே அவிழ்த்து அவருக்கும் கொடுத்தாள்.

"சாப்பிடும் தம்பி. இதுக்கு ஒருத்தரிட்டயும் கேக்கத் தேவையில்லை."

திரும்பும்போது ஓட்டோவில் சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். பரந்தன் பக்கம் வந்த பிறகு, "போன வழியாலதான் வந்தம், என்ன?" என்றாள். "ஓம்" என்றேன்.

அதன்பின் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த வழியும் ஒன்றுதான். முதலில் கிணற்றடி தூரமாகியது, பிறகு குசினி, பிறகு கட்டிலின் மற்றப் பக்கம். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் கண்ணைத் திறக்காமலே, "வந்ததோ?" என்பாள். நான் நினைவூட்டல் எழுதினேன். இரண்டாவது நினைவூட்டலும் எழுதினேன். அதற்கும் ஒரு நடைமுறை உண்டு, முதல் கடிதத்தின் பிரதியை இணைக்க வேண்டும். இணைத்தேன்.

பதில் நல்ல பதில். இரண்டு அலுவலகங்களும் சம்மதித்திருந்தன. எங்கள் வரைபடத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்றவில்லை. இரண்டு பேருக்கு, ஒரு பகலுக்கு. எவரும் தனியாக உள்ளே செல்லக் கூடாது என்பது நாலாவது நிபந்தனை. ஐயர் தர்ப்பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார், பந்தலில் இலை போட்டிருந்தார்கள், நான் வேட்டியோடு படலைக்குப் போய்த் தபால்காரரிடம் கையெழுத்து வைத்து அதை வாங்கினேன். அன்று அவளுடைய முப்பத்தோராம் நாள்.