கீரி தட்டிய கதவு

யுத்த காலம். கொழும்பு வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் குளித்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் டமார் டமாரென்று தட்டும் சத்தம். "கதவைத் திற, பொலிஸ்!" என்று சிங்களத்தில் ஒரு கரகரத்த குரல். போன கிழமைதான் மேல்வீட்டுக்காரரைக் கொண்டுபோயிருந்தார்கள். சோப்பு நுரையும் இடுப்பில் சுற்றிய சாரமுமாக, அடையாள அட்டையையும், தமிழரென்று பொலிஸில் பதிந்த துண்டையும் தூக்கிக்கொண்டு ஓடினேன். கதவைத் திறந்து, "மாத்தயா" என்று மரியாதையாக இளித்தேன். வாசலில் ஈ, காக்கை இல்லை. தட்டியது, மகள் பார்த்துக்கொண்டிருந்த தொலைக்காட்சிக் கார்ட்டூனில் துப்பறியும் கீரி.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் பெரிய வீரனைப் போலச் சிரித்துவைத்தேன்.

"அப்பா, அது கள்ளரைத்தானே பிடிக்கும்? நீங்க என்ன களவெடுத்தனீங்கள்?"

"ஒண்டும் இல்லையம்மா" என்றேன்.

கொண்டுபோகும்போது மேல்வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்.