அக்காவால் வந்த அஞ்சு மார்க்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. சாப்பாடுகூட நின்றபடியேதான். வெளிநாட்டில் குடியேற விண்ணப்பம் போட்டதிலிருந்து அது இன்னும் முற்றிவிட்டது. படிப்பு, வயது, அனுபவம், மொழித் தேர்வு என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டார்கள். கூட்டிப் பார்த்தால் மூன்று குறைந்தது. கூடப் பிறந்தவர் அந்த நாட்டிலேயே வசித்தால் அஞ்சு மார்க் உண்டு என்றார் ஏஜெண்ட். அவனுடைய அக்கா பதினோரு வருடமாக அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அவள் புண்ணியத்தில் பட்டியலில் ஏறிவிட்டான்.

முடிவு தெரிய எட்டு மாதம். மூன்றாவது மாதம் அக்கா அழைத்தாள்.

"தம்பி, நான் வந்துடலாம்னு இருக்கேன்டா. முடியல."

"லீவுலயா?"

"மொத்தமா."

"அக்கா, நீ அங்க இருந்தாத்தான் அந்த அஞ்சு மார்க்கு. இன்னும் அஞ்சே மாசம், பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்துடேன்."

"சரிடா" என்றாள். மறுபேச்சில்லாமல் சொன்னதுதான் அவனைக் குடைந்தது.

மறுநாள் ஏழாம் மாடிக்கு மேலே, லிஃப்டின் கூரையில் நின்று அது ஏறி இறங்கும் இரும்புத் தடத்துக்கு எண்ணெய் போட்டான். போட்ட இடத்திலேயே திரும்பப் போட்டான். வீட்டுக்கு வந்தும் கூடத்துக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

"கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்றாள் மனைவி. நடந்ததைச் சொன்னான்.

"உங்க அக்கா ஏன் முடியலன்னாங்க?"

அவன் அதைக் கேட்கவே இல்லை.

உடனே போன் போட்டான். "என்னக்கா முடியல?"

"ஆளுங்களைத் தூக்கித் தூக்கி முதுகு போயிடுச்சுடா. ரெண்டு மாசமா வேலைக்குப் போகல. என்னன்னு கேக்க ஒரு நாதி இல்ல."

"கிளம்பி வா."

"உன் விண்ணப்பம்?"

"அது கிடக்குது கழுதை. நீ வா."

வீராப்பாகச் சொல்லிவிட்டானே தவிர, அக்கா வந்திறங்கி, அஞ்சு மார்க்கும் கழிந்து, பெயர் பட்டியலிலிருந்து இறங்கியபோது மனசு கிடந்து அடித்துக்கொண்டது. "எல்லாம் என்னாலதான்" என்று அக்கா தினமும் புலம்ப, ஒருநாள் பொறுக்கமுடியாமல், "ஆமா, உன்னாலதான்!" என்று கத்தியேவிட்டான்.

அக்கா சிரித்தாள். "இப்பத்தான்டா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு."

அவள் சொல்லிக்கொடுத்து மொழித் தேர்வை மறுபடி எழுதினான். இரண்டு மார்க் ஏறியது. இன்னும் ஒன்று வேண்டும். அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுத்திருக்கிறான்.