சந்தனம் வைத்த கம்ப்யூட்டர்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள், உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டு எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் என்று யாராவது சொன்னால், இன்றைக்கும் எனக்கு முதலில் வருவது சந்தன வாசனைதான்.

நான் ஒன்பதாவது படித்த வருஷம் வைகாசியில், ரிஷிவந்தியம் கோயிலில் அக்காவுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். விருந்துக்குப் பலாப்பழம் வாங்க வெள்ளிமலைக்குப் போன அப்பா, இறங்கி வரும்போது ஜீப் கவிழ்ந்து இடுப்பெலும்பு முறிந்து பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தார். முகூர்த்தத்தைத் தள்ளிவைத்தால் சகுனத் தடை என்று எலவனாசூர்கோட்டை சம்பந்தி சொல்லிவிட, கல்யாணம் அப்பா இல்லாமலே நடந்தது. அந்த வருத்தம் அவருக்கு இடுப்பு சேர்ந்த பிறகும் ஆறவில்லை. தலை தீபாவளிக்குப் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைக்கப் பெண்ணைப் பெற்றவர்தான் நேரில் போக வேண்டும். தீபாவளி நெருங்கியும் அப்பா அசையவில்லை. "என்ன வுட்டுட்டுக் கல்யாணம் பண்ணவங்க, என்ன வுட்டுட்டே தீபாவளியும் பண்ணிக்கட்டும்" என்றார்.

மணமேடையில் அப்பாவின் மணைப்பலகையில் யாரையும் உட்காரவிடாமல் காத்தவர் அதே சம்பந்திதான் என்று அம்மா எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். "நான் மனசு ஆறணும்னு எல்லாருமா சேந்து கத கட்றீங்க" என்று அப்பா திரும்பிப் படுத்துக்கொள்வார். காட்டிவிடலாம் என்றால், எங்களிடம் இருந்த ஒரே கல்யாண சிடியைத் தெருவே வாங்கிப் பார்த்துக் கீறல் விழுந்திருந்தது. பக்கத்து வீட்டு சிடி "டெக்கில்" போட்டால் தாரை வார்க்கும் இடத்துக்கு வந்ததும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். இன்னொரு பிரதி கேட்கலாம் என்றால், வீடியோக்காரர் அந்தக் கேசட்டிலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிட்டிருந்தார்.

கம்ப்யூட்டரில் போட்டால் கீறல் விழுந்ததும் ஓடும் என்றான் அண்ணன். அவன் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் வேலை செய்தான். கடைக்கு வந்து பார்க்க அப்பா சம்மதிக்கவில்லை. அண்ணனுக்கும் அது நல்ல சாக்காகப் போயிற்று. கடையில் கழித்துப்போட்ட கூடு, மெட்ராஸிலிருந்து யாரோ வாங்கிவந்த பழைய மதர்போர்டு, ரேம், சிடி டிரைவ், டிவிக்குப் படம் அனுப்பும் கார்டு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தான். ஓடாத டேப் ரெக்கார்டரின் இரண்டு ஸ்பீக்கர்களைப் பிரித்து, "பேஸ்" நன்றாக வரும் என்று இரண்டு மண்பானைகளுக்குள் இறக்கி டிவிக்கு இரு பக்கமும் வைத்தான். தெருவில் அதற்கு "ஓம் தேட்டர்" என்று பெயர் விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாவற்றையும் பேப்பர் விரித்துப் பரப்பிவிட்டு அண்ணன் குளிக்கப் போனான். வந்து ஒவ்வொன்றாகப் பூட்டி ஸ்விட்சைப் போட்டதும், டிவியில் ஒன்றும் வராமல் பெட்டி மட்டும் கீ, கீ என்று விடாமல் கத்தியது. ரேமைக் கழற்றி மாட்டினான். கத்தியது. மறுபடி கழற்றினான். கட்டிலிலிருந்து அப்பா, "இன்னாடா, கல்யாணத்தக் காட்றன்னு சொல்லிட்டுக் கோழிக்குஞ்சு வளத்துக்கினு இருக்க?" என்றார்.

"சும்மா இருப்பா. எதுவோ ஒட்டல."

"எப்படிடா ஒட்டாம போவும்? எல்லாத்துக்கும் பொட்டு வச்சித்தான வச்சன்" என்றார் அம்மா.

அண்ணன் கை அப்படியே நின்றது. "எதுக்கெல்லாம் வச்ச?"

"எல்லாத்துக்குந்தான். பெட்டிக்கு, காத்தாடிக்கு, அந்தப் பச்சத் தகட்டுல பல்லு பல்லா இருக்கே, அதுக்கு. குங்குமம் வைக்க எடம் பத்தல, சந்தனத்த மட்டும் தடவி வுட்டன்."

ரேமின் பொன்னிறப் பற்களின் மேல் காய்ந்த சந்தனம், நிறத்தோடு நிறமாகப் போயிருந்தது. "ஏம்மா, அதுலதாம்மா கரண்டே ஓடுது!"

"தங்கமாட்டம் மின்னுச்சி. அதுக்கு வைக்காம வேற எதுக்குடா வைப்பாங்க?"

அப்பா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். என் பள்ளிக்கூட ரப்பரை வாங்கி, பென்சில் எழுத்தை அழிப்பதுபோல் அண்ணன் அந்தப் பற்களைத் தேய்த்துத் தேய்த்து அழித்தான். அடுத்த முறை பெட்டி ஒரே ஒரு தடவை "கீ" என்று சொல்லிவிட்டு அடங்கியது. சூடேற ஏற, மிச்சமிருந்த பொட்டுகளெல்லாம் உள்ளேயிருந்து மணத்தன.

படம் வந்தது, ஆனால் கலர் இல்லை. அரக்குப் பட்டில் இருந்த அக்கா சாம்பலாகத் தெரிந்தாள். அண்ணன் எதையோ மாற்றப் போனபோது, "இருக்கட்டும் வுடு" என்றார் அப்பா. டெக்கில் உடைகிற இடம் வந்தது. திக்கித் திக்கி, ஆனால் நிற்காமல் ஓடியது. அப்பாவுக்குப் பதிலாகச் சித்தப்பா தாரை வார்க்க வருகிறார். உட்காரச் சொல்லி யாரோ கையைக் காட்டுகிறார்கள். சம்பந்தி குறுக்கே வந்து, தமக்கென்று நாங்கள் எடுத்துக் கொடுத்திருந்த புதுத் துண்டை அந்தப் பலகையின்மேல் விரிக்கிறார். மேளச் சத்தத்துக்கு நடுவே பானைக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது: "அது அவுரு குந்துற எடம்பா. யாரும் குந்தாதீங்க." சித்தப்பா நின்றபடியே தாரை வார்த்தார்.

"இன்னொரு வாட்டி போடு" என்றார் அப்பா. அண்ணன் போட்டான். படம் முடிந்து வெகுநேரம் கழித்து, அடுப்படியில் இருந்த அம்மாவிடம், "வெள்ள வேட்டி தோச்சிக் கீதா?" என்றார்.

அண்ணனின் பெட்டி நாலைந்து வருஷம் ஓடி, பிறகு பழைய சாமான்காரரிடம் போனது. டிவியும் போயிற்று. இப்போது கல்யாண வீடியோ அவரவர் போனுக்கே வந்துவிடுகிறது. என் மகள் அதைப் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே வேகமாக ஓட்டிப் பார்த்து முடிக்கிறாள். கீறல் விழுவதில்லை. எங்கள் தெருவில் யாரும் சிடி கேட்டு அடுத்த வீட்டுக்குப் போவதும் இல்லை.

அந்தப் படத்தைப் பார்த்த மறுநாள் காலை அப்பா வெற்றிலை, பாக்கு, பழம் வாங்கிக்கொண்டு, கோலை ஊன்றியபடி எலவனாசூர்கோட்டை பஸ்ஸில் ஏறினார்.