விளக்குக்காரிக்கு எந்த மட்டம்

வாரத்தில் மூன்று நாள் காலையில் ஈப்போவில் ஒரு சாய்வு நாற்காலி எனக்காகக் காத்திருக்கும். சிறுநீரகம் இரண்டும் வேலையை நிறுத்திக்கொண்ட பிறகு செவ்வாய், வியாழன், சனி என்று நான்கு நான்கு மணி நேரம் அதில் சாய்ந்து கிடக்கிறேன். ரத்தம் ஒரு குழாய் வழியாக மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகி, இன்னொரு குழாய் வழியாகத் திரும்பி வரும். அம்மன் கொடுத்த உயிருக்கு மெஷின் காவல் நிற்கிறது என்று என் மனைவியிடம் சொல்வேன். நானும் பள்ளிக்கூடத்தில் பல வருடம் காவல் வேலை பார்த்தவன். அதனால் அந்த மெஷின் மேல் எனக்கு ஒரு கூட்டாளிப் பாசம் உண்டு.

என் நாற்காலி பதினொன்று. பன்னிரண்டில் ஒரு தம்பி. லகாட்டில் வீடு, வயது முப்பதுக்குள். லூமுட்டில் கப்பலுக்கு வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தவன். எட்டு மாதம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தும் நான் அவன் பெயரைக் கேட்கவில்லை. மிஸ்ஸிகள், அதாவது எங்கள் தாதிகள், எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்குத் 'தம்பி' போதுமாக இருந்தது.

அவனுக்கு ஊசி வலது கையில். ஊசி குத்திய கையை நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது. எனக்கு ஊசி இடது கையில். ஆக, எழுதுகிற கை எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றுதான் இருந்தது. அது என்னுடையது.

"அண்ணே, சும்மாதானே படுத்திருக்கீங்க. கொஞ்சம் எழுதித் தாங்கலா" என்று ஒரு நாள் பள்ளிக்கூட நோட்டு ஒன்றை நீட்டினான். அட்டையில் ஓர் இணையதளத்தின் பெயரும், அதற்குக் கீழே ஓர் ஆங்கிலச் சொல்லும் மூன்று எண்களும் இருந்தன. அந்தத் தளத்தில் அவனுக்கு அதுதான் பெயராம்.

வருடக்கணக்காக அவன் ஆடிவரும் ஒரு வீடியோ கேம். அதில் உலகங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்குமாம். எந்தப் பாத்திரம் எந்த மட்டத்தைச் சேர்ந்தது என்று உலகம் முழுவதும் ஆட்கள் அந்தத் தளத்தில் கூடிச் சண்டை போடுகிறார்கள். ஒன்று முதல் ஆறு வரை எல்லாரையும் வரிசைப்படுத்தி முழுப் பட்டியல் போட்டுவிட வேண்டும் என்பது இவன் ஆசை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். டைமென்ஷன் என்று அவன் சொன்னது முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு நான் பிறந்த எஸ்டேட்டை வைத்துப் பிடித்துக்கொண்டேன். ரப்பர் மர நிரையில் முன்னும் பின்னும் மட்டும் போகத் தெரிந்தவன் முதல் மட்டம். பக்கத்து நிரைக்கும் தாண்டத் தெரிந்தால் இரண்டாவது. தாளில் வரைந்த படம் மாதிரி தட்டையான உலகம். மரம் ஏறவும் தெரிந்தால் மூன்றாவது, நம்மைப்போல. ஒரே மரத்தைக் கன்றாகவும், பால் மரமாகவும், வீடு கட்ட வெட்டிச் சாய்த்த கட்டையாகவும் ஒரே பார்வையில் பார்க்கிறவர் நான்காவது. வெட்டாமல் விட்டிருந்தால் அந்த மரம் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்கிறவர் ஐந்தாவது. ஆறாவது ஒரு வெறும் கூடம். அங்கே இருப்பவருக்கு இதெல்லாமே மடியில் விரித்த படம்.

"அண்ணே, அங்க இங்கிலீஷ்ல பக்கம் பக்கமா எழுதுறானுங்க. நீங்க ரப்பர் மரத்துல முடிச்சிட்டீங்க!" என்றான். எனக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது.

அந்தக் கேமில் உலகத்தைப் படைத்தவர் ஒருவர் உண்டு. நான் கேட்காமலே அவரை ஆறில் எழுதிவிட்டேன்.

"அவரு அஞ்சுதாண்ணே!"

"படைச்சவரு உச்சியிலதானே இருக்கணும்?"

"இது கேமுலா. கோயில் இல்ல. எந்த மட்டத்துல ஒருத்தரால ஒரு பொருள நகர்த்த முடியுதோ, அதுதான் அவரு மட்டம். ரூல் அவ்வளவுதான்."

அடித்துவிட்டு ஐந்தில் எழுதினேன். மனதுக்குள் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இப்படியே போய்க் கடைசியில் ஒரே ஒரு பாத்திரம் மிஞ்சியது. விளக்கு ஏந்திய ஒரு பெண். இரண்டாம் மட்டத்தில், தாளில் வரையப்பட்டவள். தாளை விட்டு அவள் எங்கும் போவதில்லை. ஆனால் அவள் விளக்கின் வெளிச்சம் ஆறாவது கூடம் வரைக்கும் தெரியும். பாதிப் பேர் அவளுக்கு இரண்டு என்றார்கள், பாதிப் பேர் ஆறு என்றார்கள். தம்பி 'இரண்டு' கட்சி. காரணங்களை எல்லாம் சேர்த்து நன்றாக எழுத வேண்டும் என்று அந்த வரியைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவன் நோட்டை எடுக்கவே இல்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அஞ்சாவது மட்டத்துல பாத்தா எனக்குக் கிட்னி கெட்டுப்போகலண்ணே. அங்க நான் லூமுட்டுலதான் இருக்கேன். வெல்டிங் அடிக்கிறேன். தண்ணிய வயிறு முட்டக் குடிக்கிறேன்." பிறகு, "இந்த மட்டம் போதும்ணே. வியாழக்கெழம நான் வரல" என்றான்.

வராமல் இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உடம்பில் தண்ணீர் ஏறும், நுரையீரல் வரைக்கும் ஏறும். நான் என்னென்னவோ சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டான். போகும்போது நோட்டைப் பையிலிருந்து எடுத்து என் நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனான்.

வியாழக்கிழமை பன்னிரண்டு காலியாக இருந்தது. மிஸ்ஸி மூன்று தடவை போன் போட்டார்; அவன் எடுக்கவில்லை. நான்கு மணி நேரமும் அந்த நோட்டை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு கிடந்தேன். சும்மா இருக்க முடியாமல் விளக்குக்காரியின் வரியில் ஆறு என்று எழுதினேன். எனக்கு அப்படித்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை காலை கோயிலுக்குப் போனேன். எஸ்டேட்டை வீடமைப்புக்கு விற்றபோது இடம் மாற்றிய எங்கள் மாரியம்மன் கோயில்தான். அவன் பெயருக்கு அர்ச்சனை செய்யலாம் என்று வரிசையில் நின்றேன். பூசாரி "பேரு?" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. எட்டு மாதப் பழக்கம், பெயர் தெரியாது. நோட்டு பையில் இருந்தது. அட்டையைப் பார்த்து அந்த ஆங்கிலச் சொல்லையும் மூன்று எண்களையும் வாசித்தேன்.

பூசாரி தலையாட்டினார். "புதுசாண்ணே?"

என்ன கேட்கிறார் என்று புரியாமல், "இல்ல, கொஞ்சம் ரிப்பேர்ல இருக்கு" என்றேன்.

"அம்மா பாத்துக்குவா" என்று மந்திரம் சொல்லி, தட்டில் நான்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கொடுத்தார். "நாலு டயருக்கும் ஒண்ணொண்ணு வச்சி, மேல ஏத்தி நசுக்கிட்டு வண்டிய எடுங்க."

திரும்பிப் போய் விளக்கம் சொல்ல எனக்குப் பின்னால் இருந்த வரிசை விடவில்லை. யாருக்காகக் கேட்டேன் என்று அம்மனுக்குத் தெரியும்.

தைப்பிங்கில் ஆசிரியையாக இருக்கும் என் மகள் அன்று மாலை வீட்டுக்கு வந்தாள். நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். "அவரு போன எடுக்கலன்னாலும் இந்த எடத்த எட்டிப் பாப்பாருப்பா" என்று பட்டியலைப் படம் எடுத்தாள். அட்டையில் இருந்த தளத்தில், அங்கே அவனுக்கு உள்ள பெயரைக் குறிப்பிட்டு, இது அவருடைய பட்டியல் என்று போட்டாள். ஆறு என்றது நான் எழுதியது என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தப்புதான். அந்தத் தப்புக்கு இன்றைக்கும் சாமிக்கு நன்றி சொல்கிறேன்.

சனிக்கிழமை காலை என் கையில் ஊசி குத்திக்கொண்டிருந்தபோது வாசலில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. முகம் ஊதி, கால் ஊதி, மிஸ்ஸியின் திட்டை வாங்கிக்கொண்டே வந்தான். நாற்காலியில் விழுந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, "யாரைக் கேட்டுண்ணே ஆறுன்னு போட்டீங்க?" என்றான்.

"தம்பி..."

"மானம் போச்சு! எட்டு மாசமா ரெண்டு ரெண்டுன்னு கத்துனவன் இப்ப பல்டி அடிச்சிட்டான்னு எல்லாரும் என்னைப் போட்டுக் கிழிக்கிறானுங்க. அதத் திருத்தாம என்னால சாகவும் முடியாது."

"அப்படின்னா நான் திருத்தவே மாட்டேன்."

முறைத்தான். பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. அந்தச் சமயம் பார்த்து நான் பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துக் கதையைச் சொன்னேன். "அலாமாக்! என்னை லாரியாக்கிட்டீங்களாண்ணே!" என்று அவன் குலுங்கியதில் மெஷின் கீச்கீச்சென்று கத்தியது.

"பன்னிரண்டு! கைய ஆட்டாதீங்க!" என்று மிஸ்ஸி ஓடி வந்தார்.

கொஞ்சம் தண்ணீர் இறங்கி மூச்சு சீரானதும், "சரி சொல்லுங்க. ஏன் ஆறு?" என்றான்.

கோயிலை மாற்றிய அன்று அம்மன் கல் லாரியில் என் மடியில்தான் வந்தது. ஒரு சாண் உயரம். அதை நம்பித்தான் நாற்பது குடும்பம் அந்த எஸ்டேட்டில் நாளைக் கடத்தியது. அதைச் சொன்னேன்.

"அது சாமிண்ணே. நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்க, அது நகரல. இவ வெறும் படம். ரூல் என்ன? நகர்த்தணும்."

"லகாட்டுலேருந்து உன்னை இங்க நகர்த்தினது யாரு தம்பி? மிஸ்ஸியால முடியல. என்னாலயும் முடியல."

அவன் மெஷினில் சுற்றும் தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தேன்.

"ஆற அழிச்சிடுங்க" என்றான்.

அழித்தேன். "ரெண்டு போடவா?"

"வேணாம். இப்ப கொசோங்கா இருக்கட்டும்." வெறுமனே விடச் சொன்னான். "செவ்வாக்கெழம வந்து பேசிக்கலாம்."

அது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போது அவன் பெயர் எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை அர்ச்சனைக்கு அதைத்தான் சொல்கிறேன். விளக்குக்காரியின் வரி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஊசியைக் கழற்றும்போது நான் கேட்பேன், "என்ன தம்பி, எழுதிடலாமா?"

"செவ்வாக்கெழம பாக்கலாம்ணே" என்பான்.