அமாவாசையில் நின்ற சர்வர்

கல்யாண வீடியோ தொழிலில் படம் எடுப்பது ஒருநாள் கஷ்டம். எடுத்ததைத் தொலைக்காமல் வைத்திருப்பது தினமும் கஷ்டம். இதை நான் சரியாகச் சொல்லிவிடுவேனா என்று பயமாகத்தான் இருக்கிறது. எட்டாவதோடு நின்றவள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடி அறையில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கேமராவுக்கு என் தம்பி குமார், எடிட்டிங்குக்கு தனசேகர், கவலைப்படுவதற்கு நான். கம்ப்யூட்டர் விஷயத்தில் ஒரு வார்த்தை மாறினாலும் தனசேகர் திருத்துவான். ஆனாலும் முசரவாக்கத்து அம்மா ஒருவருக்கு நாங்கள் காட்டாமல் விட்ட கல்யாணம் ஒன்று இருக்கிறது. என்னைப்போல் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

நிற்காத பெட்டி

பழைய கம்ப்யூட்டர் அடிக்கடி பாதி வேலையில் நின்றுபோனது. சர்வர் வாங்கலாம் என்றான் தனசேகர். பெரிய ஆபீஸ்களில் வருஷக்கணக்காக நிற்காமல் ஓடுகிற கம்ப்யூட்டர் ஜாதி. மெமரியில் சின்னத் தப்பு விழுந்தால் தானே திருத்திக்கொள்ளும். உள்ளே மூன்று டிஸ்க்; ஒன்று செத்தால், மற்ற இரண்டை வைத்து அதிலிருந்ததைத் திரும்ப உண்டாக்கிவிடலாம். எனக்கு அந்தக் கடைசி விஷயம் ஒன்றே போதுமாக இருந்தது.

சென்னையில் பழைய சர்வர் விற்கும் கடைக்குப் போனோம். கேட்டதையே நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைக்காரர் அலுத்துப்போய்ச் சொன்னார்: "இது இதுவரைக்கும் நின்னதே இல்லம்மா. நீங்களும் நிறுத்தாம ஓட்டுங்க, பயமே வேணாம்."

மாடியில் என்ன ஓடுகிறது?

அதன் ஃபேன்கள் சின்னவை, சத்தம் பெரியது. சுவிட்சைப் போட்டதும் ஜன்னல் கதவு அதிர்ந்தது. கீழே வீட்டு ஓனர் ஏகாம்பரம் அண்ணன் வீட்டில் பட்டுத்தறி ஓடுகிறது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே வந்துவிட்டார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். "இன்னாமா இது? கைத்தறிக்காரன் தலைக்கு மேலயே பவர்லூம் போட்டுக்கினு இருக்கிறியா?"

சத்தம் வராத கெட்டிமேளம்

அடுத்தது, அதில் என்ன சிஸ்டம் போடுவது என்ற பாடு. முதலில் லினக்ஸ். சர்வருக்கு அதுதான் நல்லது என்றார்கள். எங்கள் எடிட்டிங் சாஃப்ட்வேர் அதில் ஏறவே இல்லை. பிறகு சர்வருக்கென்று இருக்கும் விண்டோஸ். அதிலும் அந்த சாஃப்ட்வேர், இது எனக்கான இடமில்லை என்பதுபோல் நின்றுவிட்டது. கடைசியில் எல்லார் வீட்டிலும் இருக்கிற சாதாரண விண்டோஸையே போட்டான் தனசேகர்.

வேலை ஓடியது, சத்தம் வரவில்லை. சர்வரில் ஸ்பீக்கர் மாட்டவே இடம் கிடையாதாம். ஆபீஸில் அதில் யார் பாட்டுக் கேட்கிறார்கள்? அது தெரியாமல் ஒரு மாப்பிள்ளையின் மாமாவுக்குப் படத்தைப் போட்டுக் காட்டினோம். அவர் குனிந்து, உற்றுப் பார்த்துக் கேட்டார்: "மோளக்காரு கெட்டிமேளம் கொட்றாரா, கொசு அடிக்கிறாரா?"

முசரவாக்கத்துக் கல்யாணம்

இனிமேல் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. முசரவாக்கத்து விவசாயி ஒருவர் மகள் கல்யாணத்தைக் காஞ்சிபுரத்து மண்டபத்தில் நடத்தினார். பெண்ணின் அம்மாவுக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில் கைவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கட்டிலை விட்டு இறங்க முடியாது, மண்டபத்துக்கு வரவில்லை. சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது அந்த மனிதர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "முழுப் படம் மெதுவா குடும்மா. தாலி கட்டற எடம் மட்டும் சீக்கிரமா வேணும். அவளுக்கு நெனவு இருக்கிறப்பவே காட்டிடணும்."

ஓய்வு

மறுநாள் படமெல்லாம் சர்வரில் ஏறியது. ஏறியதும் மூன்று டிஸ்கில் ஒன்று செத்தது. நான் பதறினேன், இதற்காகத்தானே இதை வாங்கினோம் என்றான் தனசேகர். புது டிஸ்கைச் சொருகினான். மற்ற இரண்டிலிருந்து அது நிரம்பி முடியும்வரை கை வைக்கக் கூடாது, பிறகு தாலி கட்டும் இடத்தை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றான். கேமரா கார்டுகளைக் குமார் அழித்து, வாலாஜாபாத்தில் ஒரு கடைத் திறப்பு விழாவுக்கு எடுத்துக்கொண்டான். மூவரும் கிளம்பிப் போனோம்.

திரும்பி வந்து மாடிப்படி ஏறும்போதே தெரிந்துவிட்டது. சத்தம் இல்லை. கீழே இருக்கும் மாடிக்கான மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது, யு.பி.எஸ். தன்னால் முடிந்தவரை தாங்கிவிட்டு அதுவும் ஓய்ந்திருந்தது. திரும்பப் போட்டோம். வருஷக்கணக்காக நிற்காமல் சுற்றிய பழைய டிஸ்க் இரண்டில் ஒன்று, ஆறிப்போனபின் இந்த முறை மறுபடி சுற்றவில்லை. புது டிஸ்க் இன்னும் நிரம்பி முடியவில்லை; ஒன்று போனால் பிழைக்கலாம். இரண்டு போனால் எதுவும் இல்லை. மீட்டுத் தருகிறோம் என்று வாங்கிப்போன கடையும் கைவிரித்தது. சுவிட்ச் அணைந்த அன்றைக்கு அமாவாசை. எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடாது. ஏகாம்பரம் அண்ணன் நல்ல மனசோடுதான் சொன்னார்: "எங்க தறிக்கெல்லாம் இன்னிக்கு லீவு. உன் மிஷின் மட்டும் கத்திக்கினே இருந்துச்சும்மா. பாவம், ஒருநாள் தூங்கட்டும்னு நான்தான் நிறுத்தினேன்."

கேட்டுக்கொண்டே இருந்தவர்

முசரவாக்கத்துக்குப் போய்ச் சொல்லத் துணிச்சல் வருவதற்குள் சாவுச் சேதி வந்துவிட்டது. சொந்தக்காரர்கள் போனில் எடுத்த படங்களில் முன்னால் நின்றவர்களின் முதுகும் தூக்கிய கைகளும்தான். தாலி கட்டியது ஒன்றிலும் இல்லை. குமாரும் நானும் போனோம். பெண் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பா நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் பேசினார்: "டெய்லி கேட்டுக்கினே இருந்தாம்மா. கரண்டு இல்ல, கரண்டு வந்ததும் போட்றேன்னு சொல்லிக்கினே இருந்தேன். கடசியா, 'தலைக்கு மேல ஃபேன் சுத்திக்கினு இருக்குதே'ன்னா."

இப்போது

சர்வரைக் கொடுத்துவிட்டோம். எடிட்டிங்குக்கென்றே செய்த சாதாரண மிஷின் ஒன்று ஓடுகிறது, ஸ்பீக்கரும் பேசுகிறது. கல்யாணம் முடிந்து மண்டபத்தை விட்டுக் கிளம்புமுன் எடுத்த அத்தனையையும் ஒரு டிஸ்கில் போட்டுப் பெண் வீட்டார் கையில் கொடுத்துவிடுகிறேன். இன்னொன்று வாலாஜாபாத்தில் என் தங்கை வீட்டுப் பீரோவுக்குப் போகிறது. பெண் வீட்டார் பார்த்துவிட்டோம் என்று சொல்லும்வரை கார்டை அழிக்கக் குமாருக்கு அனுமதி இல்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் மிஷினை நானே அணைக்கிறேன். மறுநாள் அது எழுந்திருக்கிறதா என்று பக்கத்திலேயே நின்று பார்க்கிறேன். தனசேகர் சிரிக்கிறான். "இன்னாக்கா, ஐசியு வாசல்ல நிக்கிற மாதிரி நிக்கிற?"

எந்த மிஷின் வாங்கலாம், எந்த விண்டோஸ் போடலாம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு, ஒருநாள் தூங்கவைத்தால் மறுநாள் எழுந்திருக்கிற மிஷினாகப் பார்த்து வாங்குங்கள், அது எழுந்திருக்காது என்றே நினைத்துக்கொண்டு படத்தை வேறு வீட்டில் வையுங்கள் என்பதற்குமேல் இந்தத் தொழில் எனக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை.