நைனா முழுகிய படம்

ஹாலிவுட் படத்தில் நடித்தவன் என்று இருபத்தைந்து வருஷமாகப் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். போன வாரம் என் மகள் அந்தப் படத்தைச் செல்போனில் எப்படியோ தேடிப் பிடித்துவிட்டாள். குடும்பமே தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தது. படத்தில் என் இடது முழங்கை இருக்கிறது. அதுவும் நான் சொன்ன பிறகுதான் முழங்கை என்று தெரிந்தது.

ஆனால் திரையில் பனைமரத்தில் தேங்காய் தொங்கியதைப் பார்த்ததும் எனக்குப் பச்சை பெயிண்ட் வாசனை வந்துவிட்டது. ஏதோ தென்கடல் தீவில் நடக்கிற சிரிப்புக் கதை அது. பழவேற்காட்டு ஏரித் தீவில் தென்னைக்கு எங்கே போவது? பிளாஸ்டிக் காய்களுக்குப் பச்சையடித்துப் பனையில் கட்டினார்கள். ஏறிக் கட்டியவன் நான்தான். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. எஸ், நோ, டுமாரோ மூன்றும் தெரியும் என்பதால் பேச்சை மாற்றிச் சொல்கிற துபாஷி வேலையும் எனக்கே. மத்தியானம் டச்சுக்காரர் கல்லறை நிழலில் வெள்ளைக்காரர்களோடு உட்கார்ந்து ரொட்டி தின்கிற அளவுக்குப் பெரிய மனுஷன் ஆகியிருந்தேன்.

படகுக்காரன் ஒருவன் தண்ணீரில் விழுந்து முழுக வேண்டும், ஆள் கிடைக்குமா என்று டைரக்டர் கேட்டார். "எஸ்" என்றேன். நைனாவிடம், அதாவது என் அப்பாவிடம், கேட்டது அதற்குப் பிறகுதான்.

குறுக்குக் காற்றிலும் படகு முனையில் கழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்று, இரண்டு கையாலும் பீடி பற்றவைக்கிற ஆள் என் நைனா.

"இடுப்பளவு தண்ணில எவன்டா முழுகுவான்?" என்றார்.

"நடிப்பு நைனா. பாக்கறவன் ஃபாரின்காரன். அவனுக்கு இன்னா தெரியும்?"

"கரையில நிக்கறவன் ஃபாரின்காரனா?"

"நான் சரின்னுட்டேன் நைனா."

நைனா சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

விழுந்தார். எழுந்தால் தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது. டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: நைனா சேற்றில் முட்டி போட்டு, கழுத்து மட்டும் வெளியே தெரிய, கையை ஆட்டிக் கத்த வேண்டும். பிறந்ததிலிருந்து அந்த ஏரியில் நின்ற மனுஷன் அதில் முட்டி போட்டு முழுகினார். ஏழு தடவை. கரை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையேறியபோது மட்டிச் சிப்பி ஓடு கிழித்து இரண்டு முட்டியிலும் ரத்தம்.

அதற்கப்புறம் தினமும் விடியற்காலை படகுத்துறையில் அவருக்கு அதே வரவேற்புதான். "இன்னா பெருசு, இன்னிக்கி முழுகலயா?" "த்தோ, தண்ணி கணுக்காலுக்கு வந்துட்ச்சு, யாராச்சும் பெருசப் புடிங்கப்பா!" நைனா படகைத் துறையிலிருந்து தள்ளிப்போய்த் தனியாகக் கட்ட ஆரம்பித்தார். அடுத்த வருஷமே அதை விற்றுவிட்டு, மீஞ்சூரில் ஒரு கிடங்குக்கு வாட்ச்மேனாகப் போனார். ஏரிப் பக்கம் திரும்பவில்லை.

போன வாரம் மகளிடம், "இப்ப தாத்தா வருவாரு பாரு" என்று போனை நெருக்கிப் பிடித்தேன். படகு வந்தது. தூரத்தில் கழியோடு குச்சி மாதிரி ஓர் உருவம். அடுத்த காட்சியில் எல்லாரும் தீவில் இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள். விழுந்ததை வெட்டிவிட்டிருக்கிறார்கள். நான் மூன்று தடவை பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன். நைனா செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ரேஷன் கார்டு போட்டோவைத் தவிர அவர் முகம் எங்களிடம் இல்லை. இப்போது படகெல்லாம் இன்ஜின். கழி ஊன்றுகிற ஆள் துறையில் ஒருத்தர்கூட இல்லை. அவரைக் கிண்டல் செய்தவர்களில் பாதிப் பேரும் இல்லை.

திருப்பாலைவனத்தில் இருக்கிற அக்காவுக்குப் போன் போட்டேன். "நைனா முழுகினத வெட்டிட்டானுங்கக்கா. ஊரு சிரிச்சதுதான் மிச்சம்" என்றேன்.

"ஊரு அப்பறம்தான்டா சிரிச்சுது" என்றாள் அக்கா. "மொதல்ல சிரிச்சது நீ. தண்ணில இருந்த மனுசனுக்கு அது கேட்டுச்சு."