சாம்பல் நிறத்தில் ஒன்பது ஏரிகள்

அகிலா எங்கள் அலுவலகத்துக்கு வந்தது 2017-இல். அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. காஞ்சிபுரத்தில் ஒரு ஜரிகைக் கடையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். மாவட்டத்தில் அறுபத்தோரு ஏரிகளைத் தேர்ந்தெடுத்து, தூர்வாரி, கரையையும் மதகையும் சீர்செய்யும் ஒரு தொண்டு நிறுவனத் திட்டம். நானும் இன்னும் மூன்று பேரும் ஊர் ஊராகப் போய் வேலையை அளந்து வருவோம். நாங்கள் போனில் சொல்வதைக் கணினியில் ஏற்றுவது அகிலாவின் வேலை.

அவளுடைய அப்பா தறிக்காரர்களுக்குப் புடவை டிசைனைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுப்பவர். வீட்டில் மிஞ்சிய தாள்களைக் கொண்டுவந்து, ஒவ்வோர் ஏரிக்கும் ஒரு கோடு இழுத்து, வேலை எவ்வளவு முடிந்ததோ அவ்வளவு கட்டங்களுக்குப் பச்சை அடித்துச் சுவரில் ஒட்டினாள். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. மாதம் பத்தாம் தேதி புதுத்தாள் ஏறும். டீயைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்று, யாருடைய ஏரி முந்துகிறது என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டிருப்போம். இன்றைக்கு நினைத்தால் அந்தப் பத்தாம் தேதிகள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகின்றன.

இரண்டு வருடம் கழித்து, திட்டத்துக்கு உதவிய அறக்கட்டளை, தாளெல்லாம் வேண்டாம், எங்கிருந்து வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற மாதிரி ஒரு டாஷ்போர்டு வேண்டும் என்றது. அகிலா வீடியோக்களைப் பார்த்து மூன்று வாரத்தில் கற்றுக்கொண்டாள். முதல் தடவை அவள் அதைத் திறந்து காட்டியது நன்றாக நினைவிருக்கிறது. மேலே ஒன்றியம், ஊர், வேலையின் வகை என்று மூன்று ஃபில்டர்கள். ஒன்றியத்தின் பெயரைத் தொட்டதும் மற்ற ஏரிகள் எல்லாம் விலகிப்போய், அந்த ஒன்றியத்து ஏரிகள் மட்டும் வரிசையாக எழுந்து நின்றன. நான் ஏனாத்தூர்க்காரன். எங்கள் பக்கத்து ஏரிகளைக் காட்டச் சொல்லி நாலைந்து தடவை கேட்டிருப்பேன்.

ஊர்ப் பெயர்களைத் தமிழிலேயே வைத்தாள். அதன் இணைப்பை அறக்கட்டளைக்கு மட்டும் அனுப்பினால் போதும் என்றார் எங்கள் ஒருங்கிணைப்பாளர் கலியாணசுந்தரம். அகிலா தயங்கித் தயங்கித்தான் பேசுவாள். ஆனால் அன்றைக்கு, "ஏரி அந்த ஊருக்காரங்களோடது தானே சார், அவங்களும் பாக்கட்டுமே" என்றாள். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஊர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டாள்.

2021 செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, டாஷ்போர்டின் அடியில் கொடுத்திருந்த எண்ணுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் வள்ளி, மாகறலைத் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு சிற்றூரில் ஒன்றரை ஏக்கர் நெல் வைக்கிறவர். அகிலா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏம்மா, நீங்க அனுப்பினதுல எல்லா ஏரியும் இருக்குது. எங்க சித்தேரிய மட்டும் காணம். மதகு ஒடஞ்சி கெடக்குதுன்னு சொல்லிக்கினே இருக்கோம். ஏரி இருக்குதா இல்லியான்னு ஒருதபா வந்து பாத்துட்டுப் போங்கம்மா."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு உறைத்தது. அந்த ஏரி என் பொறுப்பில் இருந்தது. மழைக்குப் பிறகு அந்தப் பாதையில் வண்டி போகவில்லை. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். டாஷ்போர்டு வந்த பிறகு அளவுகளை நாங்களே அதன் பட்டியலில் நிரப்பி வந்தோம்; பொய் எழுத மனம் வராமல் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன்.

அகிலா தேடிப் பார்த்தாள். அப்படி ஒன்பது ஏரிகள் காலியாக இருந்தன. ஐந்து என்னுடையவை. காலிக் கட்டங்களைத் தள்ளிவிட்டுச் சராசரி போடும்படி அவள் அமைத்திருந்ததால், அந்த ஒன்பதும் பட்டியலிலிருந்தே மறைந்து போயிருந்தன. மேலே பெரிய எழுத்தில் 93 சதவீதம் என்று நின்றது. திங்கட்கிழமை அறக்கட்டளையிலிருந்து ஆள் வருவதாக இருந்தது.

நான் செய்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"வேலை ஆகலன்னு எழுதியிருந்தா அது செவப்புல நின்னிருக்கும் பரசண்ணா. ஒண்ணுமே எழுதாததால ஊரே இல்லாமப் போயிடுச்சி. அப்படிப் போகாத மாதிரி நான்தான் செஞ்சிருக்கணும்" என்றாள்.

மறுநாள் இருவரும் பஸ் பிடித்து மாகறலில் இறங்கி, அங்கிருந்து சேற்றில் நடந்தோம். வள்ளி வரப்பு வழியாக எங்களைக் கூட்டிப் போனார். மதகின் இரும்புப் பலகை வளைந்து ஒருபக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. கரையில் ஆள் உயரத்துக்குச் சரிவு. அளவு நாடாவின் ஒரு நுனியை அகிலா பிடித்தாள், நான் மறுநுனியோடு நடந்தேன். நாலு வருடமாக அறுபத்தோரு ஏரிகளின் பெயரையும் மனப்பாடமாகச் சொல்கிறவள், அவற்றில் ஒன்றின் கரையில் காலை வைத்தது அன்றைக்குத்தான். அளந்து முடித்த பிறகும் உடனே கிளம்பவில்லை. கொக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வள்ளி வேர்க்கடலை அவித்துக் கொண்டுவந்து கொடுத்தார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது ஏரிகளும் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டன. சித்தேரி சிவப்பில். மற்ற எட்டும் சாம்பல் நிறத்தில், 'தகவல் வரவில்லை' என்ற குறிப்போடு. இப்போது மேலே இருந்த எண் 79. கலியாணசுந்தரம் பார்த்ததும் முகம் வாடிப்போனார். கூட்டம் முடியும்வரை பழையபடி வைக்க முடியாதா என்று கேட்டார். வைக்கலாம் சார், ஆனால் வள்ளியம்மா போனிலும் சித்தேரி மறுபடி காணாமல் போய்விடும் என்றாள் அகிலா. இருக்கட்டும் என்பதுபோல் கையை அசைத்துவிட்டு, அவர் கூட்டத்துக்கு நாற்காலிகளைப் போடப் போனார்.

கூட்டத்தில், வந்தவர் முதலில் கேட்டதே சாம்பல் நிறம் என்ன என்றுதான். அகிலா வாயைத் திறப்பதற்குள் கலியாணசுந்தரம் சொன்னார்: "நாங்க இன்னும் போவாத ஊருங்க சார் அது." அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்த ஒரு வரியால்தான். வந்தவர் கோபித்துக்கொள்ளவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முதலில் அந்த ஒன்பதையும் முடியுங்கள் என்றார்.

என் மிச்ச நாலு ஏரிகளுக்கும் இரண்டே வாரத்தில் போய்விட்டேன், பாதி தூரம் வண்டியைத் தள்ளிக்கொண்டுதான். அக்டோபர் கடைசியில் சித்தேரிக்குப் புது மதகு. நவம்பரில் பெய்த மழையில் எத்தனையோ கரைகள் உடைந்தன. சித்தேரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்தது. வள்ளி அதைப் படம் எடுத்து அனுப்பினார். அகிலா அந்த மாத அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்தப் படத்தைத்தான் போட்டாள்.

2023-இல் திட்டம் முடிந்தது. மேசைகளை இறக்கினோம், சாவியைக் கடைக்காரரிடம் கொடுத்தோம், ஆளுக்கொரு பக்கம் போனோம். அகிலாவுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தொழிற்சாலையில் இதே மாதிரி வேலை கிடைத்தது. நான் இப்போது அண்ணனோடு நிலத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

போன மாதம் விடிகாலையில் பூ வாங்க டவுனுக்குப் போனபோது, கம்பெனி பஸ்ஸுக்காக அகிலா நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். அங்கே அவளுக்குக் கீழே நாலு பேர் வேலை செய்கிறார்களாம். நூறு மடங்கு பெரிய டாஷ்போர்டாம்.

"நல்லாத்தாண்ணா இருக்குது. ஆனா அப்ப ஒரு கோடு ஏறுச்சின்னா அது எந்த ஊரு, யார் போன் பண்ணி சொன்னாங்க, எல்லாம் தெரியும். இப்ப கோடு ஏறுது, எறங்குது. அவ்வளவுதான்."

பிறகு எங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, கோடைக்குத் தாங்கும் போலத்தான் தெரிகிறது என்றேன். எத்தனை அடி என்று உடனே கேட்டாள். அளக்கவில்லை என்றதும் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையை அசைத்தாள்.